கொப்பி ஒப்படைப்பு விழா

எந்தப் படத்தையும் நான் பாதிக்கு மேல் பார்ப்பதில்லை, ஐயா. நல்ல பகுதி முன்னாலேயே முடிந்துவிடும். பின்னால் வருவதெல்லாம் படம் எடுத்தவர்கள் தங்கள் மனச்சாட்சிக்காக ஒட்டிவைத்த வால்.

நீங்கள் கேட்டது குணலட்சுமி ரீச்சர் எப்படிச் செத்தார் என்று. நான் படங்களைப் பற்றிக் கதைக்கிறேன். பொறுங்கள், இரண்டும் ஒரே விஷயந்தான். எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் பார்த்தீபன். சொந்த ஊர் பண்டத்தரிப்பு. முன்பு ஒரு லீசிங் கம்பனியில் இருந்தேன். அங்கே மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்களை இருத்தி, விற்பனையாளர்களைப் பற்றிய ஆங்கிலப் படம் போடுவார்கள். வியாபாரத்தையும் பேராசையையும் வைத்து மேல்நாட்டில் ஏராளம் படம் எடுக்கிறார்கள், ஐயா. பார்க்கப்போனால் எல்லாம் ஒரே படந்தான். ஒருவன் வருகிறான்; சப்பாத்து தேய்ந்திருக்கிறது. யாருக்கும் தேவையில்லாத ஒன்றை விற்கப் பழகுகிறான். சதுப்பு நிலத்தை விற்பான், ஓடாத கப்பலை விற்பான், இல்லாத கம்பனியின் பங்கை விற்பான். வெள்ளைக் கார் வாங்குகிறான். பிறகு மனைவி போகிறாள், பொலிஸ் வருகிறது, கடைசியில் எங்கேயோ தனியாக இருந்து யோசிக்கிறான். எடுத்தவர்கள் அதை எச்சரிக்கை என்று நினைத்து எடுக்கிறார்கள். பார்ப்பவர்கள் காரின் நிறத்தை மனதில் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

லீசிங் கம்பனியில் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் வந்ததும் படத்தை நிற்பாட்டிவிடுவார்கள். எங்களில் ஒருவன் மட்டும் மீதியை வீட்டில் போட்டுப் பார்த்தான். அடுத்த கிழமை வேலையை விட்டுவிட்டு ஆசிரிய கலாசாலைக்கு விண்ணப்பித்தான். நான் பார்க்கவில்லை, முன்னேறினேன்.

ஆகவே சொந்தமாகத் தொழில் தொடங்கியபோது அதே முறையைக் கொண்டுவந்தேன். சாவகச்சேரியில் ஒரு கலியாண மண்டபம், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, நுழைவு இலவசம். ஆங்கிலப் படங்களுக்கு இடைவேளை கிடையாது. எங்கே வைப்பதென்பது காட்டுகிறவன் கையில். நான் வெள்ளைக் காரில் வைத்தேன். லைட் எரியும், ரோல்ஸும் தேநீரும் வரும், முகவராகச் சேரும் படிவம் வரும். மீதியை அடுத்த முறை பார்ப்போம் என்பேன். நான்கு வருடத்தில் ஒருவர்கூட மீதியைக் கேட்டதில்லை.

வந்தவர்களை ஏழைகள் என்று நினைக்காதீர்கள். ஏழைகளுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. ஓய்வுபெற்ற அதிபர்கள், ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர்கள், ஓய்வுபெறாத கிராம அலுவலர்கள். ஓய்வூதியம் இருந்தது, கனடாவில் பிள்ளைகள் இருந்தார்கள், வீட்டுக்கு முன்னால் பெயர்ப்பலகை இருந்தது. பெயர்ப்பலகையில் எழுதப் புதிதாக ஒன்றும் இல்லாமல் போனதுதான் அவர்களுடைய கவலை. படத்தில் பேசும் ஆங்கிலம் பாதிப்பேருக்கு விளங்காது. விளங்கவில்லை என்று சொல்லும் பழக்கமும் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. முன்வரிசையில் தியாகராசா இருப்பார், வங்கியில் கிளை முகாமையாளராக இருந்து இளைப்பாறியவர். பகிடி வந்து இரண்டு வினாடி கழித்து அவர் சிரிப்பார். அவர் சிரித்தபின் பின்வரிசை சிரிக்கும்.

தியாகராசாவுக்கு நான் 'வைரப் பணிப்பாளர்' என்று பட்டம் கொடுத்தேன். வெள்ளி முகவர், தங்க முகவர், வைரப் பணிப்பாளர் என்று மூன்று படி வைத்திருந்தேன். அட்டை அடிக்கிற செலவு மட்டுந்தான். மனிதர் யாழ்ப்பாணம் போய்க் கறுப்புக் கோட் ஒன்று தைத்துவந்தார். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்கு மீன் வாங்கப் போனதை ஊரே பார்த்திருக்கிறது. மகள் கலியாணத்துக்கு அடித்த அழைப்பிதழில், தன் பெயருக்குக் கீழே 'அகில இலங்கை சமாதான நீதவான், சாமஸ்ரீ, தேசகீர்த்தி, வைரப் பணிப்பாளர்' என்று நான்கு வரி போட்டார். மணமகளின் பெயர் அதைவிடச் சின்ன எழுத்தில் இருந்தது.

விற்ற பொருளின் பெயர் சுகநிறை. சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, கலக்கிக் குடிக்கிற மா. முருங்கையிலை, வெந்தயம், கொஞ்சம் கறுவா. குடித்தால் கெடுதல் இல்லை. நன்மையும் இல்லை. என் அனுபவத்தில் அதைவிட நேர்மையான பொருளைக் கண்டதில்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் ஆட்கள் மாவையும் வாங்குவார்கள், ஆஸ்பத்திரி மாதாந்தக் கிளினிக்குக்கும் ஒளித்துப் போவார்கள். சீனி குறைந்தால் புகழ் யாருக்கென்று தெரியாது. இரண்டு தோணியில் கால். அதற்குத்தான் கொப்பி ஒப்படைப்பு விழாவைக் கண்டுபிடித்தேன். இது என் சொந்த யோசனை, ஐயா. எந்தப் படத்திலும் இல்லை.

கிளினிக் கொப்பி உங்களுக்குத் தெரியும், வைத்தியர் மருந்தும் அடுத்த திகதியும் எழுதிக் கொடுக்கிற நோட்டு. மூலை மடிந்த ஒற்றை றூல் கொப்பி, பொலித்தீன் பையில் சுற்றி, அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருப்பார்கள். மகளுக்குக் கலியாணப் பேச்சு நடக்கிற வீட்டில் அது வெளியே தெரியக்கூடாது. அப்படி ஒளித்த சாமானை நான் மேடைக்குக் கொண்டுவந்தேன். பித்தளைத் தாம்பாளம், வெற்றிலை, ஒரு தவில்காரர். ஆட்கள் படியேறி வந்து, இருநூறு முந்நூறு பேருக்கு முன்னால் கொப்பியைத் தாம்பாளத்தில் வைத்து, 'இனி எனக்கு இது தேவையில்லை' என்பார்கள். தவில் முழங்கும். சபை கைதட்டும். நான் பொன்னாடை போர்ப்பேன்.

கிழித்தால் வழக்கு வரும் என்பதால் கொப்பிகளைக் கிழிக்கவில்லை. பத்திரமாக வைத்தேன். மொத்தம் நாற்பத்துமூன்று. எல்லாவற்றையும் ஆறுதலாக வாசித்தேன். அடுத்த கிளினிக் திகதி ஒவ்வொன்றிலும் இருக்கும். அதற்கு முதல்நாள் தொலைபேசி எடுத்து, 'நாளைக்கு உங்கடை கிளினிக் நாள், எப்படி இருக்கிறியள்' என்று சுகம் கேட்பேன். எந்த ஆஸ்பத்திரியும் அப்படி அக்கறையாகக் கேட்பதில்லை. சபையில் சொன்ன ஆள் பிறகு எந்த முகத்தோடு கிளினிக் வாங்கிலில் போய் இருப்பது. ஒருவரும் போகவில்லை.

குணலட்சுமி ரீச்சர் மட்டுவிலில் தனியாக இருந்தார். கணித ஆசிரியை, பிறகு உப அதிபர். முப்பத்துநான்கு வருடச் சேவை. மகள் நிவேதனா கொழும்பில் வங்கியில் வேலை. ரீச்சர் பதினொரு வருடமாக இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். தென்மராட்சியில் பாதிப்பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். அவர் ஒருவர் கொப்பியை வைத்தால் நூறு பேர் முகவராகச் சேர்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு நான்கு முறை போனேன். மாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கிளினிக் எப்படி என்று மட்டும் கேட்டேன். அவரே சொன்னார்.

"நாலரை மணிக்கு எழும்பிப் போய் வரிசையிலை நிக்கவேணும் தம்பி. எனக்கு முன்னாலை நிக்கிறதும் என்னட்டைப் படிச்சது, பின்னாலை நிக்கிறதும் என்னட்டைப் படிச்சது. மருந்து குடுக்கிற பிள்ளைக்கு நான்தான் பின்னம் படிப்பிச்சனான். அவள் என்னை 'இருபத்தேழு, வாங்கோ' எண்டு கூப்பிடுறாள்."

"சீனி வருத்தம் பொல்லாததுதான் ரீச்சர்," என்றேன்.

"சீனி என்ன செய்யுது? அந்த வரிசைதான் தம்பி எனக்குப் பொல்லாதது."

அதைக் கேட்டதும் வேலை முடிந்தது என்று விளங்கிவிட்டது. ஒருவருக்கு எங்கே நோகிறது என்று தெரிந்தால் போதும். மருந்தை வேறெங்கே தடவினாலும் வாங்குவார்.

சித்திரை கடைசி ஞாயிறு அவர் கொப்பியை வைத்தார். கஞ்சி போட்ட சேலை, நிமிர்ந்த நடை. தாம்பாளத்தில் வைக்கும் முன் கொப்பியின் மடிந்த மூலையை நகத்தால் நீவி நிமிர்த்தினார். ஊசியை அன்றே நிறுத்தினார். எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆளில்லை. அன்று மட்டும் நூற்றுப்பதினான்கு பேர் சேர்ந்தார்கள்.

பிறகுதான் எனக்குச் சொந்தமாக ஒரு படம் எடுக்கும் ஆசை வந்தது. வெள்ளைக்காரனின் படத்தைப் பாதியில் வெட்டிக் காட்டிக்கொண்டிருப்பது எத்தனை நாளைக்கு. இருபது நிமிடப் படம், கதாநாயகி ரீச்சர், ஆனி மாத முதல் ஞாயிறு வெளியீடு. தென்னிலங்கையிலிருந்தும் பிரமுகர்கள் வருவதாக இருந்தது. கலியாணவீட்டு வீடியோ எடுக்கிற நிருஷனைப் பிடித்தேன்.

வைகாசி நடுவில் ரீச்சர் நன்றாக மெலிந்திருந்தார். இன்சுலின் இல்லாமல் சீனி ஏறினால் உடம்பு உருகும் என்று பல கொப்பிகளில் வைத்தியர்கள் எழுதியிருந்தார்கள். படத்தில் அது வடிவாக விழுந்தது. பழைய சேலைச் சட்டைக்குள் இரண்டு விரல் விட்டுக் காட்டச் சொன்னோம். மூன்று விரல் போனது. இருபது நிமிடத்தில் மூன்று தரம் தண்ணீர் கேட்டார். அதை வெட்டிவிட்டோம்.

கடைசிக் காட்சி, அவர் பலாப்பழம் சாப்பிடுவது. பதினொரு வருடம் தொடாத பழம். கொடிகாமத்திலிருந்து நல்ல தேன்சுளையாக வாங்கிப் போனேன். நிருஷன் தொழில் தெரிந்தவன், லேசில் திருப்திப்படமாட்டான்.

"ரீச்சர், இன்னும் ஒருக்கா. சிரிச்சுக்கொண்டு கடியுங்கோ. கமராவைப் பாக்காதேங்கோ."

"எத்தினை தரமடா கடிக்கிறது? வாய் கூசுது."

"இப்பதான் ரீச்சர் ஏழாவது சுளை."

"கணக்கு ரீச்சருக்கே எண்ணிச் சொல்லுறியோ? ஒன்பது. சாதாரண தரச் சோதினையிலையும் நீ உப்பிடித்தான் எண்ணினனீ."

எல்லோரும் சிரித்தோம். பன்னிரண்டாவது சுளையில் வெளிச்சம் சரியாக விழுந்தது.

அந்தக் கிழமைக்குப் பிறகு அவர் இரண்டு தரம் எனக்கு அழைத்தார். கால் விறைக்கிறது, கண் மங்குகிறது என்றார். உடம்பு பழசை விட்டுவிடும்போது அப்படித்தான் இருக்கும், இன்னொரு கரண்டி கூட்டுங்கள் என்றேன். மகளிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மகள்தான் முதலே இந்த மாவெல்லாம் வேண்டாம் என்றவள். அவளிடம் தோற்க ரீச்சருக்கு விருப்பமில்லை. வெளியீட்டுக்கு முந்திய வெள்ளிக்கிழமை திரும்பவும் அழைத்தார். அந்த நாளைக் கடைசியாகச் சொல்கிறேன். உங்களிடம் அதைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை என்று தெரியும்.

சனிக்கிழமை காலை, பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டு மார்கிரட் அக்கா, ரீச்சர் கதிரையில் நினைவில்லாமல் கிடக்கக் கண்டு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினார். உள்ளே எடுத்துச் சேலைன் ஏற்றினார்கள். ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. எனக்கு எட்டரைக்குச் செய்தி வந்தது.

வெளியீட்டை ஒத்திவைப்பதா என்று தியாகராசா கேட்டார். அடுத்த ஞாயிறு மண்டபத்தில் ஒரு பூப்புனித நீராட்டு விழா இருந்தது. ஆகவே ஒத்திவைக்கவில்லை. இரண்டு நிமிட மௌன அஞ்சலி. பிறகு நான் மேடையில், ரீச்சர் மாரடைப்பால் காலமானார், கடைசி வரை சீனி கட்டுப்பாட்டில் இருந்தது என்று சொன்னேன். தியாகராசா கறுப்புக் கோட்டில் வந்திருந்தார். முதன்முதலாக அந்தக் கோட் சந்தர்ப்பத்துக்குப் பொருந்தியது. படம் ஓடியது. திரையில் ரீச்சர் சிரித்துக்கொண்டு பலாச்சுளை கடித்தார். அவரிடம் படித்த பெண்கள் அழுதுகொண்டே படிவம் நிரப்பினார்கள். துக்கம் என்றபடியால் அன்று ரோல்ஸ் கொடுக்கவில்லை. வெறும் தேநீர் மட்டும்.

திங்கட்கிழமை திடீர் மரண விசாரணை அதிகாரி முன்னால் விஷயம் போனது. நானும் மரியாதைக்காகப் போயிருந்தேன். அதிகாரி, கிளினிக் கொப்பி எங்கே என்று கேட்டார். நிவேதனா கொழும்பிலிருந்து வந்து வீடு முழுக்கத் தேடியிருக்கிறாள், கிடைக்கவில்லை. அந்த நேரம் பின்னாலிருந்து தியாகராசா எழும்பினார். ஒரு சபையில் தன் பெயர் சொல்லப்படாமல் கால் மணித்தியாலம் போனால் அவருக்குப் பொறுக்காது.

"ஐயா, நான் வைரப் பணிப்பாளர் தியாகராசா, சமாதான நீதவான். அம்மாவின்ரை கொப்பி எங்கடை நிறுவனத்திலை பத்திரமா இருக்கு. நானே தாம்பாளத்திலை வாங்கினனான்."

"எதுக்கு வாங்கினனீங்கள்?" என்று நிவேதனா கேட்டாள்.

"விழா பிள்ளை. வடிவான விழா. வீடியோவும் கிடக்கு."

அவள் அழவில்லை. வீடியோவைத் தரச்சொன்னாள். அவர் தன் தொலைபேசியிலிருந்து அங்கேயே அனுப்பிவிட்டார், தான் நல்லாய்த் தெரிகிற பகுதியாகப் பார்த்து. இப்படித்தான் நான் உங்களிடம் வந்து சேர்ந்தேன். கள்வனைப் பிடிக்க நீங்கள் நாய் வளர்க்கிறீர்கள், ஐயா. யாழ்ப்பாணத்தில் ஒரு பட்டம் கொடுத்தால் போதும்.

இனி, நீங்கள் எழுதிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பதிவில்லாத மருந்தை விற்றது, சரி. பொய் விளம்பரம், சரி. மூன்றாவதாக 'குணலட்சுமி என்பவரை மோசடி செய்து' என்று போட்டிருக்கிறீர்கள். அது பிழை. பிழை என்று நிறுவுவதற்காகவே வெள்ளிக்கிழமையைச் சொல்கிறேன். அன்று வீட்டில் ரீச்சரையும் என்னையும் தவிர ஒருவரும் இருக்கவில்லை. நான் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

காலை ஒன்பது மணிக்கு அழைத்தார். குரல் கல்லில் உரசுவது போல் இருந்தது. கொப்பியைக் கேட்டார். நான் அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் மோட்டார் சைக்கிளில் போனேன். கொடுக்கத்தான் எடுத்தேன் என்று நினைக்கிறேன்.

ரீச்சர் சாய்கதிரையில் இருந்தார். உதடு வெடித்திருந்தது. விடியத்தொடக்கம் சத்தி, குடித்த தண்ணீரும் வயிற்றில் தங்கவில்லை என்றார். ஆழமாக, கெதியாக மூச்சு விட்டார். அந்த மூச்சில் கனிந்த பழத்தின் மணம் வந்தது. ஊசியை விட்டவர்களுக்கு அப்படி மணந்தால் அன்றே ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும் என்று ஒரு வைத்தியர் கரவெட்டிக்காரர் ஒருவருடைய கொப்பியில் சிவப்பு மையால் எழுதியிருந்தார். நாற்பத்துமூன்றையும் வாசித்தவன் நான்.

"தம்பி, எனக்கு ஏலாமல் கிடக்கு. கொப்பியைத் தாரும். ஒருக்காப் போட்டு வாறன். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், உம்முடைய படத்துக்கும் ஒண்டும் வராது."

பை என் மடியில் இருந்தது.

"கொப்பி ஒஃபிஸ் மேசை லாச்சிக்குள்ளை ரீச்சர். பூட்டிக் கிடக்கு, திறப்பு தியாகராசா ஐயாவிட்டை. அவர் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். திங்கள் நானே கூட்டிக்கொண்டு போறன்."

பிறகு கேட்டார்.

"கொப்பி இல்லாமல் போனால் பாக்கமாட்டினமோ?"

ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிற ஆளிடம் ஒருவரும் கொப்பி கேட்பதில்லை. அது எனக்குத் தெரியும். அடுத்தநாள் மார்கிரட் அக்கா கொண்டுபோனபோதும் கேட்கவில்லை. வாசலிலேயே தள்ளுகட்டிலில் ஏற்றிவிட்டார்கள். ஓட்டோவில் கால் மணித்தியாலப் பயணம்.

"பாக்கமாட்டினம் ரீச்சர்," என்றேன்.

அவர் என்னை நம்பினார் என்று சொல்வது சரியில்லை. தன்னைத்தான் நம்பினார்.

"அதுவும் சரிதான்," என்றார். "கொப்பி கொண்டு வராத பிள்ளையை நானும் வகுப்புக்குள்ளை விட்டதில்லை."

தண்ணீர் கேட்டார். ஒரு கரண்டி சுகநிறை கலக்கிக் கொடுத்தேன். என்னிடமிருந்த மாதிரிப் பைக்கற்றில் இருந்து, காசு கேட்கவில்லை. படலையைச் சாத்திவிட்டு வந்தேன்.

நான்கு வருடத்தில் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு விலை இருந்தது, ஐயா. படம் தேவைப்பட்டது, தவில் தேவைப்பட்டது, தேநீர் தேவைப்பட்டது. அன்று சொன்ன ஒரு சொல்லுக்கு மட்டும் ஒன்றும் தேவைப்படவில்லை. அது பொய் என்று தெரிந்து சொன்னேன். அதனால் அவர் செத்துப்போவார் என்று தெரிந்து சொன்னேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லுக்காக ரீச்சரிடம் நான் ஒரு சதமும் வாங்கவில்லை. வாங்காத இடத்தில் மோசடி எப்படி வரும். 'மோசடி' என்ற அந்த ஒரு சொல்லைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள், ஐயா. நாளைக்கு வெளியே போய் நாலு பேருக்கு முன்னால் மேடையேற வேண்டியவன் நான்.